தடையில்லாச் சான்று

மார்ச் 3

காலையில் முதல் வேலை, கல்லூரி முதல்வர் அறைப் பிரிண்டரில் சிக்கிய காகிதத்தைப் பிடுங்கி எடுத்தது. இரண்டாவதாகக் கணக்குப் பிரிவிலிருந்து அழைப்பு. மின்விசிறி ஒரே வேகத்தில் சுற்றுகிறதாம். மின்விசிறிக்கும் எனக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டேன். "ரெகுலேட்டர் எலக்ட்ரானிக்குங்க மேடம், அதான் உங்களைக் கூப்பிட்டோம்" என்றார்கள். பிளக்கில் செருகுகிற எதுவும் இந்தக் கோகிலவாணி தலையில்தான்.

நூலக அறிவியலில் முதுகலை, நூலகத் தானியக்கத்தில் பட்டயம், நெட் தகுதித் தேர்வில் தேர்ச்சி. இந்தக் கல்லூரி நூலகத்தில் எந்தப் புத்தகம் யாரிடம் இருக்கிறது, யாருடைய அட்டை என்றைக்கு முடிகிறது என்பதெல்லாம் ஒரு சர்வரில் இருக்கிறது. அந்தச் சர்வர் பதினான்கு வருடமாக என் பொறுப்பில் இருக்கிறது. பதவியின் பெயர் மட்டும் டெக்னிகல் அசிஸ்டென்ட். கணினித் துறைக்குப் போய் ஒரு கேபிள் கேட்டால் "நீங்க லைப்ரரி ஆளு" என்கிறார்கள். நூலகர்களுக்கான பதவி உயர்வு என்று வந்தால் "நீங்க டெக்னிகல் ஆளு" என்கிறார்கள். இரண்டு வீட்டிலும் எனக்கு இலை போடுவதில்லை, எச்சில் இலை எடுக்க மட்டும் இரண்டு வீட்டிலிருந்தும் கூப்பிடுகிறார்கள்.

மதியம் இந்துஜா வந்து நின்றாள். புத்தகம் கொடுத்து வாங்கும் மேசையில் தொகுப்பூதியத்தில் தற்காலிகமாக இருக்கிற பெண். எம்.லிப். படித்திருக்கிறாள், போன வருடம் நெட்டும் முடித்துவிட்டாள். "அக்கா, பேக்கப் எப்பிடி எடுக்கறதுன்னு ஒருக்கா காட்டறீங்களா?" என்றாள். அப்புறம் பார்க்கலாம் என்று அனுப்பிவிட்டேன். எனக்கு இருக்கிற வேலையில் வகுப்பு வேறு எடுக்க வேண்டுமா?

மார்ச் 5

வேதியியல் பேராசிரியர் ஒருவர் சத்தம் போட்டார். கணினியில் புத்தகம் இருப்பதாகக் காட்டுகிறது, அலமாரியில் இல்லை, உங்கள் சிஸ்டம் தப்பு என்று. தேடிப் பார்த்ததில் அது ஆறு வருடமாக அவருடைய துறை அலமாரியிலேயே இருக்கிறது. எடுத்துப்போனது அவர்தான், பதிவு செய்யாமல். "சரி, இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டுப் போனார். யாருக்கு யார் மன்னிப்பு கொடுத்தது என்று எனக்குப் புரியவில்லை.

மார்ச் 11

வந்துவிட்டது!

டிசம்பரில் விண்ணப்பம் போட்டிருந்தேனே, கோயம்புத்தூரில் இருக்கிற அந்தப் பல்கலைக்கழகத்திலிருந்து நேர்முகத் தேர்வுக்கு அழைப்பு. உதவி நூலகர், கணினிப் பிரிவு. பதவிப் பெயரிலேயே நூலகர் என்று இருக்கிறது. ஏப்ரல் 26. ஏற்கனவே வேறு நிறுவனத்தில் நிரந்தரப் பணியில் இருப்பவர்கள் அங்கிருந்து தடையில்லாச் சான்று வாங்கிக்கொண்டு வர வேண்டும், இல்லாவிட்டால் உள்ளே அனுமதி இல்லை என்று தடித்த எழுத்தில் போட்டிருக்கிறார்கள். வயது வரம்பில் விளிம்பில் நிற்கிறேன். அடுத்த முறை விளம்பரம் வரும்போது நான் விண்ணப்பமே போட முடியாது.

கனகராஜ் கடையைச் சாத்திவிட்டு வந்ததும் காட்டினேன். இரண்டு முறை படித்தார். "கெடச்சா அங்கயே ஊடு பாத்துக்கலாம். ஸ்பேர் பார்ட்ஸ் எந்த ஊர்லயும் விக்கும்" என்றார். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அவர் என் வேலைக்காகச் சொன்ன மிக நீளமான பேச்சு இது.

மார்ச் 12

நூலகர் டாக்டர் அர்த்தநாரி சாரிடம் கடிதத்தை நீட்டினேன். படித்தார், கண்ணாடியைக் கழற்றினார், மறுபடி மாட்டினார்.

"ஏம்மணி, நீ போயிட்டீன்னா இங்க எவனுக்கு என்ன தெரியும்? எனக்கு அந்த மெஷினை ஆன் பண்ணக்கூடத் தெரியாது."

"யாராச்சும் பாத்துக்குவாங்க சார்."

"யாரு? பேரச் சொல்லு. நீ இல்லாட்டி இந்த லைப்ரரி ஒரு நாள் ஓடாது. பிரின்சிபல்கிட்டயே எத்தனை தடவை சொல்லியிருக்கேன் தெரியுமா?"

பார்க்கலாம் என்று சொல்லி அனுப்பிவிட்டார். முதல்வரிடம் பல தடவை என்னைப் பற்றிச் சொல்லியிருக்கிறார் என்பது இதுவரை எனக்குத் தெரியாது. அதை வீட்டிலும் சொன்னேன்.

மார்ச் 18

சின்ன நாத்தனார் மகள் கல்யாணம். ஒரு நாள் விடுப்பு. முகூர்த்தம் முடிவதற்குள் ஆறு அழைப்பு. சர்வர் நின்றுவிட்டது, புத்தகம் கொடுக்க முடியவில்லை. இந்துஜா போனில், "அக்கா, பாஸ்வேர்டு மட்டும் சொல்லுங்க, நானே மறுக்கா ஸ்டார்ட் பண்ணிப் பாக்கறனுங்க" என்றாள். பாஸ்வேர்டை யாராவது போனில் சொல்வார்களா? பாதுகாப்பு என்று ஒன்று இருக்கிறது. பந்தியில் உட்காராமல், பட்டுப்புடவையோடு ஸ்கூட்டரில் கல்லூரிக்குப் போனேன். போய் ஒரு பட்டனை அழுத்தினேன். அவ்வளவுதான் வேலை.

திரும்பி வந்தபோது மண்டபத்தில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார்கள். கனகராஜ் எனக்காக ஒரு தட்டில் எடுத்து வைத்திருந்தார். "அந்தப் புள்ளைகிட்டச் சொல்லியிருந்தா அவளே அழுத்தியிருக்க மாட்டாளா?" என்று கேட்டார்.

உங்களுக்கு இதெல்லாம் புரியாது என்றேன். நிம்மதியாக ஒரு கல்யாணச் சாப்பாடு சாப்பிட எனக்கு விதியில்லை.

மார்ச் 24

மூன்றாவது முறையாகச் சான்று கேட்டேன். அர்த்தநாரி சார் முதல்வரிடம் அழைத்துப் போனார். இரண்டு பேரும் ஏதோ நாட்டையே பாகம் பிரிக்கிற மாதிரி யோசித்துவிட்டு ஒரு முடிவு சொன்னார்கள்.

ஏப்ரல் 16-ஆம் தேதி நோ டியூஸ் ஆரம்பம். இறுதியாண்டு மாணவர்கள் எல்லாத் துறையிலும் பாக்கி இல்லை என்று கையெழுத்து வாங்கினால்தான் ஹால் டிக்கெட் கிடைக்கும். நூலகக் கையெழுத்துதான் பெரிய கையெழுத்து. வருடத்திலேயே கணினிக்குக் கடுமையான நாட்கள் அவைதான். அந்த வாரம் நான் சர்வர் அறைக்குள் போகக் கூடாது, எதையும் தொடக் கூடாது. இந்துஜா தனியாக ஓட்ட வேண்டும். "அவ ஓட்டீட்டான்னா, அது முடிஞ்ச அன்னைக்கு சாயங்காலமே கையெழுத்துப் போடறேன். நீயும் சந்தோசமாப் போ, நாங்களும் பொழச்சுக்குவோம்" என்றார் அர்த்தநாரி சார்.

நியாயமாகத்தான் இருக்கிறது. எரிச்சலாகவும் இருக்கிறது. பதினான்கு வருட வேலையை மூன்று வாரத்தில் ஒருத்திக்கு ஊட்டிவிட வேண்டுமாம்.

மார்ச் 27

இந்துஜா வந்து உட்கார்ந்தாள். பேக்கப் சொல்லிக்கொடுத்தேன். ஒரு தடவைதான் காட்டினேன். இரண்டாவது தடவை அவளே செய்தாள். நான் இதைக் கற்றுக்கொள்ள எத்தனை நாள் ஆனது என்று அவளுக்குத் தெரியாது. எனக்குச் சொல்லிக்கொடுக்க யாரும் இருக்கவில்லை.

ஏப்ரல் 2

புத்தகம் திருப்பித் தராதவர்களுக்கு நினைவூட்டல் அனுப்புவது என் காலை வேலை. வந்ததும் பட்டியல் எடுத்து, சரிபார்த்து, அனுப்பிவிட்டுத்தான் டீ குடிப்பேன். இன்று வந்து பார்த்தால் எல்லாம் போயிருந்தது. "தானாப் போற மாதிரி செட் பண்ணீட்டனுங்க அக்கா. மென்பொருள்லயே அந்த வசதி இருக்குதுங்க" என்றாள்.

இருக்கிறது என்று எனக்குத் தெரியாதா? தெரியும். கண்ணால் ஒரு தடவை பார்த்து அனுப்புவதுதான் முறை என்று வைத்திருந்தேன். நல்லதுதான். நேரம் மிச்சம். டீயை சீக்கிரமே குடித்துவிட்டு என்ன செய்வதென்று தெரியாமல் மேசையைத் துடைத்தேன்.

ஏப்ரல் 8

மேசைக்கு வந்த ஒரு மாணவன், "இந்துஜா மேடம் இல்லீங்களா?" என்று கேட்டான். என்ன வேண்டும் என்றேன். வீட்டிலிருந்து மின்னிதழ் திறக்க முடியவில்லை என்றான். அது என் வேலை, நான் சரிசெய்கிறேன் என்றேன். "பரவால்லீங்க மேடம், அவங்க வரட்டும்" என்று போய்விட்டான்.

ஏப்ரல் 11

எல்லாம் சொல்லியாயிற்று. பேக்கப், பார்கோடு, வாசல் கருவி, மின்னிதழ், சர்வர் நின்றால் என்ன செய்வது. பாஸ்வேர்டையும் கொடுத்துவிட்டேன். கொடுத்தபோது அவள் முகத்தைப் பார்க்க வேண்டுமே, நகை கொடுத்த மாதிரி வாங்கிக்கொண்டாள்.

ஒன்றே ஒன்று பாக்கி. இறுதியாண்டு மாணவர்களின் அட்டை எல்லாம் ஏப்ரல் 15 நள்ளிரவோடு காலாவதியாகும்படி நான் வேலைக்கு வந்த முதல் வருடமே வைத்துவிட்டேன். அப்போது நோ டியூஸ் ஏப்ரல் ஆரம்பத்தில் நடக்கும். பிறகு தள்ளிப் போய்விட்டது. அட்டை காலாவதியானால் கணினி பாக்கி இல்லை என்று சொல்லாது. அதனால் வருடா வருடம் 15-ஆம் தேதி சாயங்காலம் வீட்டிலிருந்தே எல்லா அட்டைக்கும் ஒரு மாதம் கூட்டிவிடுவேன். இது அர்த்தநாரி சாருக்கும் தெரியாது. நிரந்தரமாகத் தேதியை மாற்றியிருக்கலாம். அவசியம் வரவில்லை.

விடுமுறை முடிந்ததும் இந்துஜாவிடம் சொல்லிவிட வேண்டும்.

ஏப்ரல் 14

சித்திரை ஒன்று. வேப்பம்பூப் பச்சடி, பாயசம். கனகராஜ் கோயம்புத்தூர் நண்பரிடம் வாடகை விசாரித்துக்கொண்டிருந்தார். அதற்குள் எதற்கு அவசரம் என்று கேட்டேன்.

ஏப்ரல் 15

கடைசிச் சோதனை ஓட்டம். நான் கேட்ட எல்லாக் கேள்விக்கும் இந்துஜா பதில் சொன்னாள். அர்த்தநாரி சார் பக்கத்தில் நின்று பார்த்துவிட்டு, "அட, இந்தப் புள்ள நெம்பச் சூட்டிகையா இருக்குதே! இத்தனை நாளா இது எங்க இருந்துது?" என்றார். எங்கே இருந்தாள்? பத்தடி தள்ளிதான் இருந்தாள்.

மூன்று மணிக்கு அவருடைய பிரிண்டர் ஓடவில்லை. இந்துஜா போனாள். என்னை யாரும் கூப்பிடவில்லை. ஐந்து மணிக்கு வீட்டுக்கு வந்துவிட்டேன். மாவு ஆட்டினேன். துணி மடித்தேன்.

அட்டை விஷயம் ஆறரைக்கு நினைவு வந்தது. இந்துஜா பஸ்ஸில் இருப்பாள், அந்த இரைச்சலில் என்ன பேசுவது? ஏழரைக்கு அவள் வீட்டில் சமையல் நேரம். எட்டரைக்கு மேல் ஒரு வயசுப் பெண்ணைக் கூப்பிட்டு வேலை விஷயம் பேசினால் வீட்டில் என்ன நினைப்பார்கள்? நானே இங்கிருந்து மாற்றிவிடலாம்தான். ஆனால் எதையும் தொடக் கூடாது என்று முதல்வரே சொல்லியிருக்கிறார். சொன்ன வாக்கைக் காப்பாற்ற வேண்டும்.

காலையில் முதல் வேலையாகச் சொல்லிவிடலாம்.

ஏப்ரல் 16

பஸ் நிறுத்தத்தில் கனகராஜ் இறக்கிவிட்டுப் போனார். என் ஸ்கூட்டர் பஞ்சர். கல்லூரிக்குள் நுழையும்போதே வரிசை மாடிப்படி வரை நின்றது. சர்வர் அறைக்குள் போகக் கூடாதல்லவா? பருவ இதழ் பிரிவில் போய் உட்கார்ந்தேன்.

கொஞ்ச நேரத்தில் சத்தம் ஏறியது. யாருக்கும் பாக்கி இல்லை என்று வரவில்லை. எந்த எண்ணைத் தட்டினாலும் 'உறுப்பினர் காலாவதி'. இந்துஜா ஒவ்வொரு அட்டையாகத் திறந்து தேதியை மாற்றிக்கொண்டிருந்தாளாம். எண்ணூறு பேர். அன்றைக்கு முறை வந்த துறைக்காரர்கள் சாயங்காலத்துக்குள் ஹால் டிக்கெட் வாங்காவிட்டால் அபராதம். ஒரு பையன் அழுதேவிட்டான். இந்துஜாவின் குரல் எனக்குக் கேட்டது, "இருங்க, இருங்க, பண்ணீடறேன்" என்று. நான் ஒரு வார இதழைப் பிரித்து வைத்திருந்தேன். எந்தப் பக்கம் என்று தெரியாது.

பிறகு அர்த்தநாரி சார் ஓடி வந்தார். அவர் ஓடி நான் பார்த்ததில்லை. "அம்மணி, எந்திரி. எல்லாம் பொறவு பேசிக்கலாம், மொதல்ல எந்திரி!"

எழுந்தேன். வரிசை தானாக விலகி வழிவிட்டது. "அந்த மேடம் வந்துட்டாங்கடா" என்று யாரோ சொன்னார்கள். உட்கார்ந்து, எல்லாத் தேதியையும் மொத்தமாக மாற்றுகிற நாலு வரிக் கட்டளையை எழுதி ஓட்டினேன். ஒரு டீ குடிக்கிற நேரம் ஆகவில்லை. இந்துஜா என் தோளுக்குப் பின்னால் நின்று ஒவ்வொரு வரியையும் பார்த்துக்கொண்டே இருந்தாள். முதல் மாணவனுக்குப் 'பாக்கி இல்லை' என்று வந்ததும் பையன்கள் கை தட்டினார்கள். முதல்வர் மாடி ஏறி வந்து என் பெயரைச் சரியாகச் சொல்லி நன்றி சொன்னார். இதுவரை அவர் என் பெயரைச் சொன்னதே இல்லை.

பொய் சொல்ல மாட்டேன், நன்றாக இருந்தது. வீடு வரும்வரை நன்றாகவே இருந்தது.

ஏப்ரல் 17

சான்று கிடையாது.

"நானு எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு இனிக் கேக்கறது? பிரின்சிபலே சொல்லீட்டாரு, யாரை விட்டாலும் அந்தம்மாவை மட்டும் விட்டுறாதீங்கன்னு" என்றார் அர்த்தநாரி சார். சிரித்துக்கொண்டே சொன்னார். எனக்கு ஏதோ பட்டம் கொடுத்துவிட்ட மாதிரி.

எங்கள் உரிமைதானே சார் இது, வேறு வேலைக்குப் போவதைத் தடுக்கலாமா என்று கத்தினேன். நூலகத்தில் நான் கத்தியது முதல் தடவை. "கத்து, அம்மணி. உனக்கு இங்க உரிமை இருக்குது" என்றார். இப்படி ஒரு மனிதரிடம் எப்படிச் சண்டை போடுவது?

இந்துஜா கழிவறைப் பக்கம் என்னைப் பிடித்தாள். கண் வீங்கியிருந்தது. "அக்கா, இதுக்கு முன்னால வருசமெல்லாம் எப்பிடிங்க சமாளிச்சீங்க?"

"நான்தான் வருசா வருசம் தள்ளி வைப்பேன். உன்கிட்டச் சொல்ல மறந்துட்டேன்."

"அட, விடுங்கக்கா. இத்தனை விசயத்துல ஒண்ணு மறக்கறதுதானுங்க. என்னாலதான் உங்களுக்குக் கெட்டுப்போச்சு" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். எனக்கு அந்தக் கையை உதற வேண்டும் போல இருந்தது.

சாப்பிடும்போது கனகராஜ் ஒரே ஒரு கேள்வி கேட்டார். "அவகிட்ட அதைச் சொல்லியிருந்தியா, இல்லியா?"

"மறந்துட்டேன்."

தலையாட்டினார். மோரை ஊற்றிப் பிசைந்துகொண்டார். அதற்குப் பிறகு வாடகை வீடு பற்றி அவர் பேசவில்லை.

மறந்துதான் போனேன். ஒரு மனுஷி எத்தனை விஷயத்தைத் தலையில் வைத்திருக்க முடியும்?

ஏப்ரல் 25

நாளை இந்துஜா விடுப்பு. கோயம்புத்தூரில் ஒரு வேலை இருக்குதுங்க என்று இழுத்தாள். என்ன வேலை என்று சொல்லவில்லை. பெண் பார்க்கிற விஷயமாக இருக்கும், வெட்கப்படுகிறாள். நல்ல புடவையாகக் கட்டிக்கொண்டு போ என்றேன். ஒரு நிமிடம் என்னையே பார்த்துவிட்டு, சரிங்கக்கா என்றாள்.

ஏப்ரல் 26

இன்று.

கணக்குப் பிரிவில் மவுஸ் நகரவில்லை என்று கூப்பிட்டார்கள். பேட்டரி மாற்றினேன். இந்நேரம் அங்கே அழைத்துக்கொண்டிருப்பார்கள்.

மே 9

கல்லூரி நாள். எனக்குச் 'சிறந்த ஊழியர்' கேடயம். ஏப்ரல் 16 அன்று கல்லூரியின் மானத்தைக் காப்பாற்றியதற்காக என்று ஒலிபெருக்கியில் வாசித்தார்கள். கீழே உட்கார்ந்து எல்லோரையும் விட ஓங்கிக் கை தட்டியது இந்துஜா. வீட்டில் கேடயத்தை எங்கே வைப்பது என்று கனகராஜ் கேட்டார். எங்காவது வையுங்கள் என்றேன். பரண் மேல் வைத்துவிட்டார்.

ஜூன் 4

இன்று நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன்.

காலையில் இந்துஜா மைசூர்பாகுப் பெட்டியோடு சர்வர் அறைக்கு வந்தாள். "அக்கா, எனக்குக் கெடச்சிருச்சுங்க" என்றாள். மாப்பிள்ளை என்ன செய்கிறார் என்று கேட்டேன்.

"மாப்பிள்ளை இல்லீங்கக்கா. வேலைங்க. யுனிவர்சிட்டில. உதவி நூலகர்."

உனக்குத் தடையில்லாச் சான்று யார் கொடுத்தார்கள் என்றுதான் முதலில் கேட்டேன்.

"எனக்கு எதுக்குங்க? நான் பெர்மனென்ட் இல்லியே. தொகுப்பூதியத்துக்கு யாரும் அதெல்லாம் கேக்கறதில்லீங்க. டிசம்பர்ல நீங்க போட்டப்பவே நானும் போட்டனுங்க. எங்க கெடைக்கப்போவுதுன்னு சொல்லாம இருந்துட்டேன். அன்னைக்கு அங்க உங்க பேரை ரெண்டு தடவை கூப்பிட்டாங்கக்கா. நீங்க எப்பிடியாவது வந்துருவீங்கன்னு நான் வாசலையே பாத்துட்டு இருந்தேன். அப்புறந்தான் என்னைக் கூப்பிட்டாங்க."

என்ன கேட்டார்கள் என்றேன்.

"நீங்க பாத்த சிஸ்டத்துல பெரிய கோளாறு ஏதாச்சும் வந்து, அதைச் சரி பண்ணியிருக்கீங்களான்னு கேட்டாங்க. எனக்கு வேற என்ன தெரியும்? பதினாறாந் தேதி நடந்ததைச் சொன்னனுங்க. எதனால வந்துது, நீங்க எழுதுன அந்த நாலு வரி, இனிமேட்டு வராம இருக்கத் தேதியை எப்பிடி மாத்தோணும்னு எல்லாம் போர்டுல எழுதிக் காட்டினேன். அதுக்கப்புறம் அவங்க வேற கேள்வியே கேக்கலீங்க. நீங்க அன்னைக்கு வந்து பண்ணாம இருந்திருந்தா எனக்கு ஒண்ணுமே சொல்லத் தெரிஞ்சிருக்காது. உங்களாலதானுங்கக்கா."

அப்புறம் கொஞ்சம் தயங்கினாள். "ஒண்ணு மட்டும் கேட்டாங்க. பழைய ஆளு இதை ஏன் உங்களுக்கு முன்கூட்டியே சொல்லலைன்னு."

"நீ என்ன சொன்ன?"

"மறந்துட்டாங்கன்னு சொன்னேனுங்க." என் முகத்தைப் பார்த்தாள். "அப்பிடித்தானுங்களேக்கா?"

அவள் பார்வையில் குத்தல் இல்லை. இருந்திருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும், நாலு வார்த்தை திருப்பிக் கொடுத்திருப்பேன். ஆமாம் என்றேன். காலில் விழுந்தாள். நன்றாக இரு என்றேன். மனசாரச் சொன்னேனா என்றால், இல்லை. பொறாமையில் உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. அவள் போனபிறகு கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். யார் மேல் கோபம் என்று அர்த்தநாரி சாரில் தொடங்கி ஒவ்வொரு பெயராக யோசித்துப் பார்த்தேன். எந்தப் பெயரிலும் கோபம் நிற்கவில்லை.

மதியம் அவளுடைய விடுவிப்புக் கடிதத்தை நான்தான் அர்த்தநாரி சாரிடம் எடுத்துப்போனேன். படித்துக்கூடப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டார். ஒரு மைசூர்பாகை வாயில் போட்டுக்கொண்டு, "அந்தப் புள்ளை போனாப் போவுது. நமக்கென்ன கவலை? நீ இருக்கீல்ல அம்மணி" என்றார்.

இருக்கிறேன் சார் என்றேன்.